தன்னாமுனையில் ஒன்பதாம் நாள் செபமாலை

காலை ஏழு மணிக்குக் கல்லடிப் பாலத்தடியில் வரிசையில் நின்றேன். தொண்ணூறுகளின் தொடக்கம்; ஐப்பசி, எங்களுக்குச் செபமாலை மாதம். வாகனத்தில் வந்தவர்களும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துதான் பாலத்தைக் கடக்க வேண்டும். மழை தூறியது. விரித்த குடைக்கு விளக்கம் சொல்ல வேண்டிவரும் என்று எல்லோரும் மடக்கிய குடையோடு நனைந்துகொண்டு நின்றோம். நல்ல கூத்து.

நான் போனது ஒரு விசித்திரமான வேலைக்கு. என் அண்ணன் சூசை, மேசன் வேலைக்குப் போன வழியில் இராணுவத்திடம் பிடிபட்டு ஏழு மாதமாகியிருந்தது. எந்த முகாமில் கேட்டாலும் அப்படி ஒருவர் இல்லை என்றார்கள். அவருடைய மனைவி றீற்றா மச்சாள் ஒரு நேர்த்தி வைத்திருந்தாள். ஒன்பது நாள், பராக்கு இல்லாமல் செபமாலை சொல்லி முடித்தால் அவர் வீட்டுக்கு வருவார். இடையில் ஒருதரம் மனம் சிதறினாலும் முதலாம் நாளிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும்.

பராக்கு என்ற சொல்லைப் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தப்படுத்தும்போதே எங்களுக்குப் படிப்பித்துவிடுவார்கள். வேறு பாவம் ஞாபகம் வராத பிள்ளைகள் எல்லோரும் “செபத்தில் பராக்காய் இருந்தேன் சுவாமி” என்று சொல்லித் தப்பிவிடுவோம். மச்சாளுக்கு அது விளையாட்டாக இருக்கவில்லை. அவள் வீடு றோட்டோரம். மூன்று தடவை தொடங்கி மூன்றும் குழம்பிப்போயிற்று. ஒருநாள் மோட்டார் சைக்கிள் ஒன்று வாசலில் வேகம் குறைந்தது. இன்னொரு நாள் யாரோ ஒருவன் அண்ணனைப் போலச் செருமிக்கொண்டு போனான். நாலாம் தடவை எட்டு நாளைத் தாண்டிவிட்டாள். “நாளைக்கு வந்து எனக்குப் பக்கத்தில இரிங்க மச்சாள். மனசு றோட்டுக்குப் போகப் பாத்தா நுள்ளுங்க” என்று ஆளிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். கிள்ளுவதற்கென்று ஒரு பயணம் போனவள் இந்த மட்டக்களப்பில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எட்டரைக்கு மினிபஸ் வெளிக்கிட்டது. தன்னாமுனைக்கு ஐந்து ரூபா என்றான் றைவர்.

“போன கிழமை மூண்டு ரூபாதானே தம்பி?”

“போன கிழமை ஒரு சென்றி, இண்டைக்கு மூண்டு. கூடின ரெண்டுக்கும் ரெண்டு ரூபா வெச்சுக்கங்க அக்கா.”

பஸ்ஸே சிரித்தது. ஊறணி தாண்டியதும் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. ஒவ்வொரு சென்றிச் சாவடியிலும் இராணுவத்தினர் ஆண்களை வேறு வரிசையில் நிறுத்தினார்கள். திரும்பி ஏறும்போது ஒவ்வொரு பெண்ணும் தன்னோடு வந்தவன் ஏறிவிட்டானா என்று பார்த்தாள். ஐந்து மைல்கூட இல்லாத தூரம். பிள்ளையாரடியைக் கடந்து தன்னாமுனையில் இறங்கியபோது பதினொன்றரை ஆகிவிட்டது.

மச்சாள் எனக்குச் சோறு போட்டாள். தனக்கு ஒருசந்தி நோன்பு என்று தண்ணீர் மட்டும் குடித்தாள். தோள்மூட்டு எலும்பு தெரிந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஏன்கா இப்படி உங்கள வதைக்கிறீங்க? ஆண்டவர் என்ன சென்றியிலயா நிக்கிறார், ஒரு பிழையெண்டா திருப்பி அனுப்புறதுக்கு?”

“கேக்கிறது பெரிய காரியம் மச்சாள். அரைவாசி மனசோட கேக்கலாமா? இவ்வளவு நாளும் நான் அரைவாசி மனசோட கேட்டபடியாத்தான் அவர் வரல்ல.”

சாப்பிட்ட கோப்பையை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன்.

ஆறு மணிக்கு ஊரடங்கு என்பதால் மூன்று மணிக்கே மெழுகுதிரி கொளுத்தினோம். அவள் கண்ணை இறுக மூடி முழங்காலில் நின்றாள். என் விரல்கள் அவள் கையில் தயாராக இருந்தன. செபமாலையின் ஐந்து பத்துகளில் முதலாம் பத்தில் ஒரு லொறி வீட்டை அதிரவைத்துக்கொண்டு போனது. அவள் குரல் தடுமாறவில்லை. மூன்றாம் பத்தில் ஒரு வாகனம் சரியாக வாசலிலேயே நின்று, திரும்பக் கிளம்பியது. என் கண் வாசலுக்குப் போனது. அவள் அடுத்த மணிக்குப் போய்விட்டாள். ‘மாதாவே, இவள் முடித்துவிடுவாள் போலிருக்கிறதே’ என்று அப்போதுதான் எனக்கும் நம்பிக்கை வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அண்ணன் வாசலில் வந்து நிற்பதை நான் மனதில் பார்த்தே விட்டேன்.

நாலாம் பத்து முடியும்போது வாசல் படலை கிறீச்சிட்டது. நான் திரும்பினேன். எங்கள் கோயில் உபதேசியார் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். என்னை மட்டும் வரும்படி கையசைத்தார். மெல்ல எழுந்து போனேன். பின்னால் மச்சாளின் குரல் நிற்காமல் கேட்டது.

“ஆஸ்பத்திரிக்கு ஒரு பிரேதம் வந்திரிக்கு புள்ள. நான் பாத்திட்டுத்தான் வாறன். சூசைதான்” என்றார்.

“நல்லாப் பாத்தீங்களா?”

“ஓம் புள்ள. முகம் பழுதில்ல.”

திரும்பி வந்து முழங்காலில் நின்றேன். ஐந்தாம் பத்துக்கு எப்படிப் பதில் சொன்னேனோ தெரியாது. கடைசி மணிக்கு வந்து அவள் சிலுவை அடையாளம் போடக் கையைத் தூக்கினாள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“மன்றாட்டு மாலையும் சொல்லுவமா மச்சாள்?”

“ஓம், சொல்லுவம்.” அந்தக் குரலில் அவ்வளவு சந்தோசம். மன்றாட்டு மாலை நீளமானது. அது முடியும்வரைக்கும் அவள் புருசன் உயிரோடு இருக்கட்டும் என்று நினைத்தேன். அவள் மாதாவின் ஒவ்வொரு பெயராகச் சொல்ல, “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். படலையடியில் உபதேசியார் மழையில் காத்துக்கொண்டு நின்றார்.

முடிந்ததும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு படலையைப் பார்த்தாள்.

அடக்கம் முடிந்து ஒரு கிழமை அவளோடு இருந்துவிட்டு நான் புறப்பட்டேன். வெள்ளைச் சேலையோடு றோட்டுவரைக்கும் வந்தாள். பஸ் தூரத்தில் தெரிந்தபோது என் கையைப் பிடித்தாள்.

“மச்சாள், ஒண்டு கேக்கட்டா? அண்டைக்கு எனக்குப் பராக்கு வரல்லத்தானே? நீங்க பக்கத்திலதானே இருந்தீங்க.”

“இல்ல மச்சாள். ஒருக்காலும் வரல்ல.”

“அப்ப, அவர் வராததுக்கு நான் காரணமில்ல, என்ன?”

“ஐயோ, இல்லகா. நீங்க இல்ல.”

தலையை ஆட்டினாள். அதுவரைக்கும் நான் அண்ணனுக்காக அழுதேன். பஸ் வெளிக்கிட்ட பிறகு, கல்லடிப் பாலம் வரும்வரைக்கும் அவளுக்காக அழுதேன்.