பதியாமல் போன பாட்டு

ஒலிப்பதிவு வேலையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன் நான். கல்யாண வீடு, கோயில் திருவிழா, வானொலி நாடகம் எல்லாம் பதிவு செய்திருக்கிறேன். ஆனால் என் மிகப் பெரிய பிழையைப் போன வருடம்தான் விட்டேன்.

மட்டக்களப்பு நகரத்தில் 'பாட்டு நடை' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். வாவிக்கரையோரம் நடப்பவர்கள் அங்கங்கே உள்ள பலகையின் கியூஆர் கோட்டை ஃபோனில் பிடித்தால், அந்த இடத்துப் பாடகர் குழு பாடுவது கேட்கும். பதிவு வேலை எனக்கு.

புளியந்தீவுத் தேவாலயக் குழுவில் பதினெட்டுப் பேர். நடத்துபவர் றோஸ்மேரி டீச்சர், எழுபது வயது. தனிக்குரல் டொறின் அன்ரி, போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர். தாயிடம் கற்ற பறங்கி மொழிப் பாட்டை அவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து பாட வேண்டும். அடுத்த நாள் விடிய அவர் மகளோடு இருக்க அவுஸ்திரேலியாவுக்குப் போகிறார். எங்களுக்கு இருந்தது அந்த ஒரு பின்னேரம்தான்.

சத்தம் மைக்கில் விழும் என்று தேவாலயத்து ஃபேனை எல்லாம் நிற்பாட்டினேன். எல்லாரும் வேர்த்து வழியப் பாடினார்கள். பாதியில், தெருத்தெருவாக ரொட்டியும் பன்னும் விற்கும் பாண் ஓட்டோ தன் இசையோடு வந்தது. ரெக்கோடரை நிறுத்திவிட்டு, அதை ஓட்டிவந்த முஸ்லிம் அண்ணரிடம் ஓடினேன்.

"நானா, பத்து நிமிசம் அத நிப்பாட்டுங்க. உள்ளுக்கு ரெக்கோடிங் நடக்குது."

"நிப்பாட்டுறன். முடிஞ்ச உடன எல்லாரும் வந்து பணிஸ் திங்கணும், சரியா?"

திரும்பி வந்து பட்டனை அழுத்தினேன். குழு முதலிலிருந்து பாடியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பாட்டு முடிந்து பார்த்தால், கவுண்டரில் வெறும் பூச்சியம். அந்த ரெக்கோடரில் ஒருதரம் அழுத்தினால் ஆயத்தம் மட்டும்தான். இரண்டாம் தரம் அழுத்தினால்தான் பதியும். ஹெட்ஃபோனில் குரல் கேட்டதால் நான் சந்தேகப்படவில்லை.

பாடத் தொடங்க முன்னம் எடுத்த ஒத்திகைப் பதிவு ஒன்று கையில் இருந்தது. அதைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். மனம் கேட்கவில்லை.

"டீச்சர், பிழை என்னில. ஒண்டும் பதியல்ல."

வாங்கில் உட்கார்ந்திருந்த டொறின் அன்ரிதான் முதலில் சிரித்தார். "நல்லதாப் போச்சு தம்பி. மூணாவது அடிய மறந்து, ரெண்டாவதையே திருப்பிப் பாடிட்டன். அம்மா இருந்தா காதத் திருகியிருப்பா."

"எனக்கு விளங்கினதுதான்," என்றார் டீச்சர். "நாளைக்குப் போற ஆளுட மனத நோகப் பண்ணப்படாதெண்டு பேசாம இருந்தன்."

எல்லாரும் வெளியே போய்ப் பணிஸ் தின்று தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்கள். பாண்கார நானா வாசலில் நின்று கேட்க, மறுபடி பாடினார்கள். இந்தமுறை மூன்றாவது அடியும் சரியாக வந்தது. நானும் இரண்டு தரம் அழுத்தியிருந்தேன்.

பதிந்ததை டொறின் அன்ரிக்குப் போட்டுக் காட்டினேன். ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு கேட்டார்.

"இது நான்தானா தம்பி? அம்மாட குரல் மாதிரியல்லோ இரிக்கு."

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: பிழை விட்டால், ஆட்கள் கலைந்து போக முன்னம் சொல்லிவிடுங்கள். ஆட்கள் நிற்கும்வரை திரும்பவும் பாடலாம்.