ஷாஜாதி கேட்ட கேசட்டு

"கொஞ்சம் வாய மூடுங்கம்மா, பாட்டு பதிவாகுது." பக்ருதீன் பாய் தினமும் ஜன்னல் வழியாக இதையேதான் சொல்லுவார். லாஸ்பேட்டையில் அவர் வீட்டு ஜன்னலை ஒட்டித்தான் தெருக் குழாய். குழாயடியில் எவள் வாய் மூடுவாள்?

"இந்தக் காலத்துல கேசட்டா பாய்? சம்சாரம் கையில ஒரு போன குடுங்க" என்பாள் தனக்கொடி.

"வெரலு நிக்கல தாயி. போன தொட்டா எங்கெங்கயோ போவுது. டேப்பு பட்டன்னா கட்டவெரலால அமுக்கிடுவா."

அவர் மனைவி ஷாஜாதி, ஜன்னலோரம் உட்கார்ந்து ஜாக்கெட் தைத்தவள். தைத்த நேரத்தைவிடக் குழாயடியோடு பேசிய நேரம்தான் அதிகம். பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய் எட்டு மாதம். பிடித்த பாட்டுக் கேட்டால் பேச்சு திரும்பலாம் என்று டாக்டர் சொன்னார். அதனால் பாய், கம்ப்யூட்டர் ஸ்பீக்கருக்கு முன்னால் டேப்பை வைத்துப் பழைய கேசட்டுகளில் பாட்டுப் பதிந்தார். பாட்டோடு குழாயடியும் பதிந்தது.

அவர் அதட்டல் பொறுக்காமல் பெண்கள் முனைக் குழாய்க்குப் போய்விட்டார்கள். பாய்க்கு நிம்மதி. ஒயர் வாங்கிக் கம்ப்யூட்டரையும் டேப்பையும் நேராக இணைத்துச் சுத்தமாகப் பதிந்து கொடுத்தார். ஷாஜாதி ஒரு பாட்டு முடியுமுன் நிறுத்தினாள். இடது கையால் தடவிப் பழைய கேசட்டைத்தான் எடுத்தாள். அதில் பாட்டுக்கு நடுவே தனக்கொடி, நாத்தனார் வைத்த மீன்குழம்பைக் கழுவிக் கழுவி ஊற்றுகிறாள். அந்த இடம் வந்ததும் ஷாஜாதியின் தொண்டையிலிருந்து "ம்" என்று வந்தது. எட்டு மாதத்தில் முதல் சத்தம்.

அதையே திருப்பித் திருப்பிப் போட்டாள். பத்தாம் நாள் டேப் சிக்கி அறுந்தது. பாய் செல்லோடேப் ஒட்டினார். கசங்கிப் போனது அந்தப் பேச்சு இருந்த துண்டுதான்.

முனைக் குழாய்க்கே போய் நின்றார். "நான் சொன்னது தப்புதான். வந்து அவ பக்கத்துல உக்காந்து பேசுங்கம்மா."

"தட்டாஞ்சாவடி கம்பெனிக்கு வேலைக்குப் போறேன் பாய். ஞாயித்துக்கெழம வரேன்" என்றாள் தனக்கொடி.

அடுத்த வாரமும் போய் நின்றார். "போன ஞாயிறும் இதத்தான் சொன்ன."

ஐந்து ஞாயிறு போயாயிற்று. ஒருத்தியும் வரவில்லை. ஷாஜாதி இப்போது டேப்பைத் தொடுவதில்லை. அந்த "ம்"மும் நின்றுவிட்டது. இனிப் பேச்சு வருமென்று பாயே நம்பவில்லை.

இதைப் படிக்கிற நீங்களாவது போய்ப் பாருங்கள். பழமும் பிஸ்கட்டும் வேண்டாம், சும்மா கிடக்கும். பகலில் எப்போது போனாலும் கதவு திறந்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து, யாரைப் பற்றியாவது அரை மணி நேரம் பேசிவிட்டு வாருங்கள்.