பாறைக்குட்டைக்குப் போகாத லாரி

பூங்கா ஆபீசில் எல்லோரும் அவரை "தண்ணி" என்றுதான் கூப்பிட்டார்கள். வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடிக்காத மனிதருக்கு அப்படி ஒரு பேர். டேங்கர் லாரி ஓட்டி, கோடையில் காட்டுக் குட்டைகளை நிரப்புவது அவர் வேலை. மழை நின்று நாலு மாதமானால் அந்தக் காட்டில் மரமெல்லாம் இலை உதிர்த்து விறகு அடுக்கியதுபோல் நிற்கும். ஓடையில் மணல்தான் ஓடும். அப்போது மிருகங்களுக்குத் தண்ணீர் என்றால் அது இவர் கொண்டுவந்து ஊற்றுவதுதான்.

குட்டைகள் இரண்டு. ஒன்று பார்வையாளர் கோபுரத்துக்கு எதிரே, தார்ச்சாலை முடிகிற இடத்தில். இன்னொன்று பாறைக்குட்டை. உள்ளே பதினெட்டு கிலோமீட்டர். கல்லும் பள்ளமுமான பாதை. போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகும், இடுப்பு கழன்றுவிடும். ஆனாலும் அவருக்கு அதுதான் பிடிக்கும். லாரிச் சத்தம் கேட்டதுமே யானைகள் மரங்களுக்குப் பின்னால் வந்து நின்றுகொள்ளும். அவர் குழாயைத் திறந்துவிட்டு, வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்ப்பார். டிக்கெட் எடுத்து வந்த ஒருவருக்கும் அந்தக் காட்சி கிடைத்ததில்லை.

பன்னிரண்டு வருடமாகத் தினக்கூலி. ஒவ்வொரு வருடமும் நிரந்தரம் ஆகிறவர்களின் பட்டியல் வரும்; அதில் அவர் பேர் மட்டும் வராது. மழைக்காலத்தில் வேலையும் இருக்காது.

பாறைக்குட்டைக்குக் கிழக்கே காடு முடிகிற இடத்தில் ஒரு ஊர். அங்கே அவருடைய அக்காவும் மாமாவும் சோளம் போட்டுப் பிழைத்தார்கள். அம்மா போன பிறகு அவரை ஆளாக்கியவள் அக்கா. மாமா நல்லவர், ஆனால் வாய்த்துடுக்கு. அநியாயம் என்று பட்டால் யாராக இருந்தாலும் சட்டையைப் பிடித்துவிடுவார்.

அந்த வருடம் மழை பொய்த்தது. லாரி நிரப்பும் ஆழ்துளைக் கிணற்றிலும் தண்ணீர் இறங்கிவிட்டது. ஒரு நாள் காலை ரேஞ்சர் அவரைக் கூப்பிட்டார்.

"இனிமே பாறைக்குட்டைக்குப் போக வேணாம். கோபுரத்துக்கே ரெண்டு நடை அடி."

"சார், அது வத்திடுச்சுன்னா அந்தப் பக்கத்து ஆனையெல்லாம் கிழக்கால ஊருக்குள்ள இறங்கிடும் சார்."

"ஆனைக்கு மோப்பம் இருக்கில்ல? தானா கோபுரத்துக்கு வரும். போன வாரம் வந்தவங்க மூணு மணி நேரம் உக்காந்து ஒரு குரங்கைக்கூடப் பாக்கலைன்னு இன்டர்நெட்ல கிழிச்சிருக்காங்க. மேலேருந்து என்னைக் கேக்கறாங்க." கொஞ்சம் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "இந்தத் தடவை லிஸ்ட்ல உன் பேரு இருக்கு. நீயே கெடுத்துக்காத."

அவர் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார்.

வீட்டில் சொன்னபோது மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "என்னங்க, இப்பவாவது வாயை மூடிக்கிட்டு இருங்க. இது போச்சுன்னா இன்னும் பன்னிரண்டு வருஷம்."

"அக்காகிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லி வைக்கவா?"

"சொல்லுங்க. உங்க மாமா நாளைக்குக் காலைல ஆபீஸ் வாசல்ல நிப்பாரு. யார் சொன்னான்னு ரேஞ்சருக்குத் தெரியாதா?"

அதுவும் உண்மைதான். அவர் போனை எடுத்தார், வைத்தார். மறுநாளும் எடுத்தார். நாலாம் நாளுக்குப் பிறகு எடுப்பதையே விட்டுவிட்டார்.

கோபுரத்தில் கூட்டம் களைகட்டியது. மான்கள் வந்தன, காட்டெருமை வந்தது, சில யானைகளும் வந்தன. "கரெக்டா நாலு மணிக்கு வருதே, எப்படி?" என்று ஒரு பெண் கேட்டதற்கு, "அதான் மேடம் இயற்கை" என்றார் கைடு. காலி டேங்கரைத் திருப்பிக்கொண்டிருந்தவர் காதில் அது விழுந்தது.

பத்தொன்பதாம் நாள் விடிகாலையில் அக்கா வீட்டுச் சிமெண்டுத் தொட்டியைத் தேடி மூன்று யானைகள் வந்தன. ஏதோ இடிகிற சத்தம் கேட்டு, சுவர் விழுந்துவிட்டது என்று நினைத்து மாமா கதவைத் திறந்திருக்கிறார். நாலு அடிகூட வைக்கவில்லை, யானை மிதித்துவிட்டது.

சேதி கேட்டுத் தண்ணி அங்கே ஓடியபோது அக்கா உடைந்த தொட்டி ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இத்தனை வருஷமா வராத ஆனைடா. உங்க காட்டுல தண்ணி இல்லையா?"

"இருக்குக்கா" என்றார்.

அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

அடுத்த வாரம் நிரந்தர உத்தரவு வந்தது. மனைவி அதை நாலாக மடித்துப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று அவளுக்கும் புரியவில்லை. அவர் காக்கிச் சட்டைக்கு அளவு கொடுத்தார். வேலையில் சேர்ந்தார். வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாமா என்ற நினைப்பு ஒரு நாள் பூராவும் இருந்தது. மறுநாள் இல்லை.

ஒரு மாதம் சோறு இறங்காமல் கிடந்துவிட்டு, அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். ரேஞ்சர் சொன்னது, பட்டியல், போனை எடுத்து வைத்தது, எதையும் விடவில்லை. அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"அன்னைக்கு வரைக்கும் எத்தனை நாளா குட்டைக்குத் தண்ணி போகலை?"

"பத்தொம்பது நாளுக்கா."

"பத்தொம்பது நாளும் உன் போன் வேலை செஞ்சுதா?"

அவள் தேய்த்த குண்டானைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"மாமா பேர்ல காசு குடுக்கறோம்னு உங்க ஆபீஸ்லேருந்து வந்தாங்க. அதை நான் வாங்கிக்குவேன், எனக்கு வேற வழியில்லை. உன் மூஞ்சியைப் பாக்கணும்னு எனக்கு எந்த அவசியமும் இல்லை. போயிடு."

அவள் சத்தம் போடவில்லை. திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். அறுவடை இல்லாத அந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அவள் வெளியூரில் கட்டிக்கொடுத்த மகளோடு போய் இருந்துவிட்டாள். அவர் அனுப்பிய செய்திகள் எதற்கும் பதில் வரவில்லை. அவளுடைய பேத்தி பிறந்த சேதியைக்கூட மூன்றாம் மனிதர் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

அடுத்த கோடைக்குள் ரேஞ்சர் பதவி உயர்ந்து வேறு இடம் போனார். புதிதாக வந்தவர் இளைஞர். சேர்ந்த வாரமே அவர் மேசை முன்னால் போய் நின்று, பாறைக்குட்டைக்கு மறுபடியும் லாரி விட வேண்டும் என்றும், விடாவிட்டால் யானைகள் கிழக்கே இறங்கும் என்றும் தண்ணி சொன்னார். அவருடைய வேலையை இனி யாரும் சுலபமாகத் தொட முடியாது.

புது ரேஞ்சர் வரைபடத்தை விரித்துப் பார்த்தார். "கரெக்ட்தான். நாளையிலேருந்து ஒரு நடை போங்க" என்று உத்தரவில் கையெழுத்துப் போட்டார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"இவ்வளவு சின்ன விஷயம். போன வருஷம் இதை யாருமே எடுத்துச் சொல்லலையா?" என்று கேட்டார்.

"தெரியலை சார்" என்றார் தண்ணி.