லேப்டாப்புக்குள் ஜாம் ரொட்டி

டாக்டர்கள் பேசி அனுப்பும் அறிக்கைகளைக் கேட்டு வீட்டிலிருந்தே தட்டச்சு செய்வது அவள் வேலை. அலுவலகம் கொடுத்த கம்ப்யூட்டரில் வைஃபை கிடையாது, ஒயர் செருகத்தான் வழி. ரவுட்டரோ கொழுந்தனின் அறையில். அங்கேயே மேசை போட்டுக்கொள்கிறேன் என்றதற்கு, "பரீட்சைக்குப் படிக்கிற புள்ள, தொந்தரவு பண்ணாத" என்று மாமியார் வாயை அடைத்துவிட்டார். அறைக்குள் ஒயர் இழுக்கவும் கூடாது, அவனுக்குக் கால் தடுக்குமாம். படிப்பாவது! விடிந்தால் அடைந்தால் கேம்தான்.

முட்டி மோதி அவளே ஒரு வழி கண்டாள். அவன் அறை வாசல் அலமாரியில் பழைய லேப்டாப் ஒன்றைத் திறந்து வைத்தாள். அந்த இடம் வரைக்கும்தான் வைஃபை எட்டும், லேப்டாப் அதை வாங்கும். அதிலிருந்து ஒயர் அவள் கம்ப்யூட்டருக்குப் போகும். இரண்டு இணைப்பையும் லேப்டாப்பிலேயே பாலம் போல 'பிரிட்ஜ்' போட்டுக் கோத்துவிட்டாள். மூடினால் மட்டும் அது தூங்கிவிடும், லைன் போய்விடும்.

அந்த அலமாரி முழுக்க அவன் போட்டதுதான். வெட்டிப்போட்ட கால் நகம், காது குடைந்த குச்சி, ஈரம் காயாத சாக்ஸ்.

இன்னொரு முறை பாதியில் லைன் அறுந்தால் வேலை இல்லை என்று அலுவலகம் சொல்லியிருந்தது. அன்று அவசர அறிக்கை ஒன்றின் நடுவில் அறுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தாள். லேப்டாப் மூடியிருந்தது. திறந்தாள். கீபோர்டின் மேல் கடித்த ஜாம் ரொட்டி, ஒரு தலைமுடியோடு. திரையெல்லாம் சிவப்பாகப் பிசுபிசுப்பு.

"என்னடா இது?"

"எறும்பு வந்துரும்னு மூடி வச்சேன் அண்ணி. அப்புறம் தின்னுக்கலாம்னு."

"இதுக்குள்ளயா?"

"சும்மாதான தெறந்து கெடந்துச்சு."

எந்தப் பொத்தானை அமுக்கியும் அது விழிக்கவில்லை. அவள் தன் கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு அவன் அறைக்குள் வந்தாள். அவன் மேசையில் இருந்ததையெல்லாம் முழங்கையால் தள்ளினாள்.

"எந்திரி."

"மேட்ச் நடுவுல இருக்கேன் அண்ணி!"

"நானும் நடுவுலதான் இருக்கேன். எந்திரிடா!"

"படிக்கிற புள்ளகிட்ட என்ன சத்தம்?" என்று வந்தார் மாமியார்.

"பாருங்க அத்தை, உங்க புள்ள படிச்ச லட்சணத்த."

மாமியார் லேப்டாப்பைப் பார்த்தார். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனார். மகன் ரொட்டியிலிருந்து முடியை உருவிப் போட்டுவிட்டு, அதைக் கடித்தபடியே பின்னால் போனான்.

ஒயரை நேராக ரவுட்டரில் செருகிவிட்டு உட்கார்ந்தாள். நாற்காலியில் அவன் வியர்வை இன்னும் சூடாக இருந்தது. அறிக்கை போய்ச் சேர்ந்தது. உடனே அடுத்தது வந்தது. எழுந்தால் இடம் போய்விடும் என்று, நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்து அதையும் எடுத்தாள்.