நான் தளர்த்திய ஸ்குரூ

பிலிமத்தலாவையில் என் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரன் நஸீர். இருவரும் ஒரே மாதிரி, பொம்மை மரப் படகு செய்யும் பெட்டி ஆளுக்கொன்று வாங்கினோம். துண்டுகளை ஒட்டி, மோட்டார் பூட்டினால் ரிமோட்டில் ஓட்டலாம். இரண்டு மாதம் மெனக்கெட்டும் என் படகு கோணலாகவே நின்றது. அவனுடையது வார்னிஷ் மினுங்க அத்தனை நேர்த்தி. என் மகளே, "நஸீர் மாமாவோட படகுதான் அழகு" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் குளத்துக்குக் கொண்டுபோனோம். நஸீர் தேநீர் வாங்கப் போனபோது, அவன் படகைத் திருப்பும் சுக்கானின் ஸ்குரூவைத் தளர்த்திவிட்டேன்.

தண்ணீரில் விட்டதும் அவன் படகு திரும்பாமல் நேரே போய்த் தாமரைக் கொடிகளில் சிக்கியது. நஸீர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தூக்கி வந்தான்.

"நான்தான் சரியா முறுக்கல்ல போல மச்சான். ஒங்கடதயும் ஒருக்கா பாப்போம்" என்று, ஈர உடுப்போடு உட்கார்ந்து என் படகின் ஸ்குரூக்களை முறுக்கத் தொடங்கினான்.

என்னால் தாங்க முடியவில்லை. "கழட்டிவிட்டது நான்தான் நஸீர்" என்றேன்.

அவன் கையிலிருந்த ஸ்குரூவை முறுக்கி முடித்தான். பிறகு, "என்ட படகுல அவ்வளவு ஆசண்டா கேட்டிருக்கலாமே மச்சான், தந்திருப்பேன்" என்றான்.

உண்மையில் எனக்கு அந்தப் படகில் ஆசையே இல்லை. அவனுடையது ஓடக்கூடாது, அவ்வளவுதான். அதை மட்டும் இன்றுவரை அவனிடம் சொல்லவில்லை.