வாடையில் கரைக்கு வந்த படகு

நோர்வேயில் காற்றடிக்கும் நாளில் படகை இறங்குதுறையில் கட்டுவதற்கு அவசரமே கூடாது. படகின் மூக்கைக் காற்றுக்குக் கொடுத்து, கியரைப் போட்டும் எடுத்தும் நத்தை மாதிரி ஊர்ந்து வரவேண்டும். முல்லைத்தீவில் பிறந்த எனக்கு இது விசித்திரமாகத்தான் இருந்தது. எங்கள் கரையில் அலை எழும்பும். கட்டுவதற்கு இறங்குதுறையும் இல்லை. ஓர் அலையின் முதுகில் ஏறி முழு வேகத்தில் வந்து, கடைசிக் கணத்தில் எஞ்சினைத் தூக்கிவிட்டு மணலில் ஏற்றுவோம். சின்னப் படகொன்று வாங்கிய முதல் கோடையில் அங்கும் அப்படித்தான் வந்தேன். இறங்குதுறைப் பலகை அதிர்ந்தது. பக்கத்துப் படகுக்காரர் ஊலா ஓடிவந்து, "எஞ்சின் பழுதா?" என்று கேட்டார். "இல்லை, நாங்கள் இப்படித்தான் வருவோம்" என்றேன். அதைப் பகிடியென்று நினைத்துச் சிரித்தவர், "சாக்தெ, சாக்தெ" என்றார். மெதுவாக என்று அர்த்தம். மீன்குஞ்சுக்கு நீந்தப் பழக்குகிறாராம் என்று எரிச்சல் வந்தாலும் பழகினேன். பிறகு கரையைக் கண்டாலே என் கை தானாக வேகத்தைக் குறைத்தது.

போன நத்தார் விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். அப்பா இருந்தவரை அவருடைய படகில் எஞ்சின் பிடித்தவன் நான்தான். இப்போது அது அண்ணனின் படகு, அண்ணனின் சீவியம். வாடைக்காற்றுக் காலம். அண்ணனோடும் அவருடைய ஆட்களோடும் கடலுக்குப் போய் வலையெடுத்துத் திரும்பும்போது, "நான் கொண்டுபோறன் அண்ணை" என்றேன். இந்தக் கரைக்கு நான் இன்னும் உரியவன் என்று காட்டுகிற ஆசை, வேறொன்றுமில்லை.

"காத்துக் கூடவாக் கிடக்கு. ஏலுமே?"

"ஓம், அங்க சொந்தமாப் போட் வைச்சிருக்கிறன்."

கரை நெருங்கியதும் கை வேகத்தைக் குறைத்துவிட்டது. பின்னால் வந்த அலை படகைப் பக்கவாட்டில் திருப்பியது. "முடுக்கடா" என்று அண்ணன் கத்துவதற்குள் அடுத்த அலை உள்ளே விழுந்தது. பிடித்த மீனில் பாதி கடலுக்கே திரும்பிப் போனது. கரையில் நின்றவர்கள் தண்ணீரில் பாய்ந்து படகைப் பிடித்து இழுத்தார்கள். எஞ்சின் உப்புத்தண்ணீர் குடித்திருந்தது.

அண்ணன் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். "ஆர் ஓட்டினது?" என்று ஒருவர் கேட்க, "காத்து திருப்பிப் போட்டுது" என்றார். எனக்காக அவர் சொன்ன அந்தப் பொய்யில் கூனிக்குறுகிப் போனேன்.

படகு இழுக்க வந்தவர்களுக்குக் கறிக்கு மீன் கொடுத்து அனுப்புவது எங்கள் கரையின் வழக்கம். படகுக்காரர் ஒருநாளும் அதற்குக் கை நீட்டுவதில்லை. ஒவ்வொருவருக்கும் கொடுத்து வந்த அண்ணன், மிஞ்சியதில் பெரிய பாரையைப் பையில் போட்டு என்னிடம் நீட்டினார்.

"இந்தா தம்பி, கொண்டுபோய் அண்ணியிட்டச் சமைக்கக் குடு. நாங்கள் எஞ்சினைப் பாத்திட்டு வாறம்."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். கறிமீன் வாங்கியவர்கள் வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஈரக் காற்சட்டையோடு அவர்களுக்குப் பின்னால் நானும் நடந்தேன்.