பாதுகாப்பும் காவலும்

மதுரை செல்லூரில் குடியிருக்கும் என் தோழி, பள்ளி ஒன்றில் வரலாறு கற்பிக்கிறாள். வீட்டில் சௌராஷ்டிரமும் வகுப்பில் தமிழும் பேசுகிறவள். நாற்பது வயதுக்குமேல் முனைவர் பட்டத்துக்கு அவள் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டு ஆசிரியர் அறையே சிரித்ததாம். ஒரு வல்லரசு தன் அண்டை நாடுகளிடம் இணையப் பாதுகாப்பைப் பற்றி எந்தச் சொற்களில் பேசுகிறது என்பதே அந்தப் பொருள். அதையும் தமிழில் எழுதப்போகிறாள்.

"ஓடிபி வந்தாலே மகளக் கூப்பிடுறீங்க. ஒங்களுக்கு எதுக்கு டீச்சர் வல்லரசோட வம்பு?" என்று கேட்டாராம் கணக்கு ஆசிரியர்.

"வம்பு எனக்கும் அவுகளுக்கும் இல்ல சார். அவுக பேசுறதுக்கும் செய்யிறதுக்கும்தான்" என்றிருக்கிறாள்.

அந்த நாட்டு அமைச்சர்களின் உரைகளை, அரசே வெளியிட்ட ஆங்கில வடிவில், ஆண்டுக்கணக்கில் படித்தாள். அவள் கண்டது எளிமையானது. சொந்தக் குடிமக்களின் கணினிகளைப் பற்றிப் பேசும்போது 'சேஃப்டி' என்பார்கள். அண்டை நாடுகளின் கணினிகள் என்றால் அது 'செக்யூரிட்டி' ஆகிவிடும். முதல் சொல்லோடு குழந்தைகளும் முதியவர்களும் வருவார்கள், வங்கி மோசடிகள் வரும். இரண்டாவதோடு பொது எதிரி வருவான், கூட்டு மையம் வரும், பெரிய நாடு அன்பளிப்பாகத் தரும் கருவிகள் வரும். திரட்டப்படும் தகவல் யார் கையில் இருக்கும் என்பது மட்டும் எந்த உரையிலும் வராது. இந்த வேறுபாடுதான் அவளுடைய ஆய்வேடு.

ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்ற நான், வாரம் ஒருமுறை கோச்சடையிலிருந்து போய் அவளுடைய மொழிபெயர்ப்பைச் சரிபார்த்துக் கொடுத்தேன். இந்த இரண்டு சொற்களுக்கு முன்னால் அவள் தயங்கி நின்றபோது, "இரண்டுக்குமே பாதுகாப்பு என்று போடு, படிக்கிறவர்களைக் குழப்பாதே" என்று சொன்னவள் நான். சீரான தமிழே நல்ல தமிழ் என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். அவள் என் சொல்லைத் தட்டவில்லை.

ஏட்டை அளித்த பிறகு தேர்வாளரின் அறிக்கை வந்தது. இரு சொற்களின் வேறுபாட்டை நிறுவ முயலும் ஆய்வில் எல்லா மேற்கோள்களிலும் ஒரே சொல் இருக்கிறது, சான்று எங்கே என்று கேட்டிருந்தார். திருத்தி அளிக்க ஆறு மாதம். அதற்குள் முடியாவிட்டால் பதிவு காலாவதியாகும். அத்தனை ஆண்டு உழைப்பும் வீண். அவள் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கடினமாக இருந்தது.

'செக்யூரிட்டி'க்குக் 'கண்காணிப்பு' என்று வைக்கலாமா என்று முதலில் எண்ணினோம். பிறகு நாங்களே அதை அடித்தோம். கண்காணிப்பு என்பது ஆய்வில் நாங்கள் கண்ட முடிவு, அவர்கள் சொன்ன சொல் அல்ல. பேசியவர் வாயில் அதைத் திணிப்பது நேர்மையாகாது.

ஒரு சனிக்கிழமை நாங்கள் இப்படி உட்கார்ந்திருந்தபோது எதிர்வீட்டுத் தறிப்பட்டறைக்காரர் தம் சுவரில் கேமரா பொருத்திக்கொண்டிருந்தார். அதன் கண் இவள் வாசலைப் பார்த்து நின்றது. இவள் எழுந்து வெளியே போனாள்.

"எங்க வாசல எதுக்குண்ணே அது பாக்குது?"

"நல்லதுக்குத்தான் டீச்சர். ஒங்களுக்கும் சேத்து ஓசியில பாதுகாப்புன்னு வச்சுக்கங்க."

"படம் யாரு போன்ல வரும்?"

"எம் போன்லதான்."

"எங்க வீட்டுக்கு வாரவுக போறவுக எல்லாம் ஒங்க போன்லயா? எங்க வாசலுக்குக் காவல் போடுறீங்களா, இல்ல எங்களக் காவல்ல வைக்கிறீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். "டீச்சர்ட்ட வாயக் குடுத்து மீள முடியுமா? மாப்ள, இம்புட்டுப் போல அந்தப் பக்கம் திருப்பிவிடு" என்று ஏணியில் நின்றவரிடம் சொன்னார்.

உள்ளே வந்தவளை நான் பார்த்தபடி இருந்தேன். "என்னக்கா அப்பிடிப் பாக்குறீங்க?" என்றாள். கடைசியாகச் சொன்னதை மறுபடி சொல்லச் சொன்னேன். பாதி சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஊர் எல்லையில் தெய்வம் நிற்பதும் காவல், ஒருவரை வீட்டைவிட்டு வெளியே வராமல் அடைத்து வைப்பதும் காவல். காப்பதையும் அடைப்பதையும் ஒரே மூச்சில் சொல்லும் அந்தச் சொல் யார் மீதும் பழி சுமத்தவில்லை. எதையும் மறைக்கவும் இல்லை. நாற்பது பக்க மேற்கோள்களையும் அவள் திருத்தி எழுதினாள். சேஃப்டி 'பாதுகாப்பு' ஆயிற்று, செக்யூரிட்டி 'காவல்' ஆயிற்று. கெடு முடியுமுன் ஏடு போய்ச் சேர்ந்தது.

வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் அந்த இரு சொற்களிலேயே கைவைத்தார். "ஆங்கிலத்தில் இவை நெருங்கிய சொற்கள். நீங்கள் வலிந்து பிரிக்கவில்லையா?"

"புடவையில் குத்துவது சேஃப்டி பின், ஐயா. கடை வாசலில் தடியோடு நிற்பவர் செக்யூரிட்டி. மதுரையில் யாரும் இதை மாற்றிச் சொல்வதில்லை. உள்ளே யாரை விடுவது என்று பார்ப்பவர் இரண்டாமவர்தான்."

அரங்கு சிரித்தது, தேர்வாளரும் சிரித்தார். பிறகு, முதல் ஏட்டில் அந்தப் பிழை எப்படி நேர்ந்தது என்று கேட்டார்.

"என் பிழைதான், ஐயா" என்றாள், நான் இருந்த பக்கம் திரும்பாமல்.

பார்வையாளரும் பேசலாம் என்பது அந்த அரங்கின் வழக்கம். நான் எழுந்தேன். "முதலில் இருந்த சொல் நான் கொடுத்தது. இப்போதிருப்பது அவருடையது" என்றேன். தேர்வாளர் எதையோ குறித்துக்கொண்டு, பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்தார்.

வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "எதுக்குக்கா எந்திரிச்சீங்க? பட்டமே போயிருமோன்னு நெனச்சேன்."

"பொய் சொல்லி டாக்டர் ஆகப் பார்த்தாயே" என்றேன்.

"ஒரு பொய்தானக்கா" என்றாள். அழுதுகொண்டே சிரித்தாள்.